எழுத்துரு தேடுகிறீர்களா? முதலில் ‘ண’வைப் பாருங்கள்

கல்யாணப் பத்திரிகைக்கோ புத்தக அட்டைக்கோ ‘நல்ல ஃபாண்ட் ஒண்ணு சொல்லுங்க’ என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ‘விஷயத்தை டைப் பண்ணியாச்சா?’ பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். ஃபாண்ட் முடிவானால் விஷயத்தை அதில் போட்டுக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. சொல் முதலில், தாள் அடுத்து, எழுத்துரு அதற்குப் பிறகு.

எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் நாம் பார்ப்பது அந்த எழுத்துருவின் பெயரை, அல்லது அதைச் செய்தவர் பொறுக்கி எடுத்த ஒரு மாதிரி வரியை. ‘அம்மா’ என்று எழுதிக் காட்டினால் எந்த எழுத்துருவும் அழகாகத்தான் இருக்கும். நம் பத்திரிகையில் வரப்போவது ‘திருமண அழைப்பிதழ்’, ‘மணமகன்’, ‘மணமகள்’, ‘கல்யாண மண்டபம்’, ‘நண்பர்களுடன்’. மூன்று சுழி ‘ண’ இல்லாமல் ஒரு கல்யாணப் பத்திரிகையில் நாலு வரி நகராது.

கிட்டே போய்ப் பார்ப்போம். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சுழி. 11 பாயிண்ட் அளவில் அந்தச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை கடுகளவுகூடத் தேறாது. தடித்த அலங்கார எழுத்துருவில் கோடு பருக்கும்போது அது வெளிப்பக்கம் மட்டும் பருப்பதில்லை; உள்பக்கமும் இறங்கி அந்த வெள்ளையைப் பாதியாக்கிவிடும். ஸ்க்ரீன் பிரிண்டிங் என்றால் மை கொஞ்சம் பரவும், மீதிப் பாதியும் போய்விடும். கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது மூன்று சுழியும் முத்து முத்தாகத் தெரிந்திருக்கும். கையில் வரும் அட்டையில் ‘மணமகள்’ என்பது ‘மனமகள்’ போல நிற்கும், இல்லையென்றால் நடுவில் ஒரு கறுப்புக் கட்டியோடு நிற்கும். படிப்பவர் பழக்கத்தால் சரியாகப் படித்துவிடுவார் என்பது உண்மை. ஆனால் ஒரு குடும்பம் பத்திரப்படுத்தி வைக்கப்போகும் தாளில் பெண்ணின் பெயருக்கு மேலே எழுத்துப் பிழை போல ஒன்று தெரியலாமா?

‘ண’ மட்டும்தான் சிக்கல் என்றில்லை. ‘ர’வின் அடியில் இருக்கும் சின்னச் சாய்வை அலங்காரத்துக்காகச் சிலர் வெட்டிவிடுகிறார்கள், அப்போது அது வெறும் கால் ஆகிவிடும். ‘ழ’வின் வால் கொஞ்சம் மேலே ஏறினால் ‘மு’வின் பக்கம் போய்விடும். ‘எ’, ‘ஏ’ இரண்டையும் பிரிப்பது கீழே உள்ள ஒரு சிறு கோடு. ‘ஒ’, ‘ஓ’ இரண்டையும் பிரிப்பது ஒரு சிறு சுழிப்பு. புள்ளியைப் பூவாகவும் வைரக்கல்லாகவும் போட்டு அழகுபடுத்துவார்கள்; தலைப்பில் அது எடுபடும், அதையே முகவரி வரியில் போட்டால் புள்ளியெல்லாம் தூசு மாதிரி ஆகிவிடும். தமிழ் எழுத்தில் பொருளைத் தாங்குவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன உறுப்புகள்தான். அலங்காரம் கைவைப்பதும் அங்கேதான். அதனால் ஓர் அலங்கார எழுத்துருவை எடைபோடும்போது அது எதைச் சேர்த்திருக்கிறது என்பதைவிட எதை அழித்திருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

இதற்கென்று சில சொற்களை எப்போதும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். ‘கண்ணன்’ முதல் சொல். ‘ண்’, ‘ண’, ‘ன்’ மூன்றும் அடுத்தடுத்து வருவதால் அதைவிட நேர்மையான சோதனை கிடையாது. அடுத்து ‘ஏழுமலை’, ‘ரூபாய்’, ‘ஸ்ரீ’, ‘ஜூலை’, ‘லக்ஷ்மி’, ‘ஹரிஹரன்’. பிறகு 0 முதல் 9 வரை எண்கள், அடைப்புக்குறி, மேற்கோள் குறி. இவ்வளவையும் அச்சில் வரப்போகும் அதே அளவில் ஒரு ஏ4 தாளில் எடுத்துப் பார்த்தால், எழுத்துரு தேறுமா தேறாதா என்பது அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கிரந்த எழுத்தையும் எண்ணையும் ஏன் சேர்க்கச் சொல்கிறேன் என்றால், அலங்கார எழுத்துருக்களில் பல அரைகுறையாகத்தான் வருகின்றன. ஒரு கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழை டிடிபி சென்டர் தம்பி ஒருவர் என்னிடம் காட்டினார். ‘அண்ணா, தலைப்பு செம கெத்தா இருக்குல்ல?’ என்றார். கெத்தாகத்தான் இருந்தது, ‘ஷே’ ஒன்றைத் தவிர. அந்த எழுத்துருவில் ‘ஷ’ இல்லை. மென்பொருள் தன் இஷ்டத்துக்கு வேறோர் எழுத்துருவிலிருந்து அதை எடுத்துப் போட்டிருந்தது. ‘கும்பாபி’ வரை இலையும் கொடியுமாக வந்து, நடுவில் மொட்டையாக ஒரு ‘ஷே’, பிறகு மறுபடி இலையும் கொடியுமாக ‘கம்’. தம்பி அந்தத் தலைப்பைப் பலமுறை பார்த்திருக்கிறார், ஆனால் மொத்தமாகவே பார்த்திருக்கிறார். எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் சட்டென்று புரிந்துகொண்டார். ‘ஷ’வைத் தனியாக வரைந்து சேர்த்துச் சரிசெய்தோம். அதற்கு நேரமில்லை என்றால் வேறு எழுத்துருவுக்குப் போவதுதான் வழி.

இனி மரபான எழுத்துருக்களுக்கு வருகிறேன். தமிழில் ‘கிளாசிக்’ என்று எதைச் சொல்வது?

இந்திய மொழிகளிலேயே அச்சு எழுத்தை முதலில் கண்டது தமிழ். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கப் புத்தகம். என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் கொண்டுவந்தது. பிறகு தரங்கம்பாடி. மிஷனரி சீகன்பால்கு காலத்தில், 1713இல், ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் அங்கே வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவை, தாளை ஏராளமாக விழுங்கின; அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். எழுத்துருவின் அளவைத் தாளின் விலை தீர்மானித்த கதை இது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி.ஆர். ஹன்ட் தமிழ் எழுத்துகளைச் சிறிதாகவும் தெளிவாகவும் செதுக்க வைத்தார். 1862இல் வந்த வின்சுலோ அகராதியை எடுத்துப் பார்த்தால் அந்த உழைப்பு கண்ணுக்குத் தெரியும். நெருக்கமான பத்தி, பொடி எழுத்து, ஆனாலும் சுழிகள் திறந்திருக்கின்றன. தமிழில் மரபான எழுத்து என்றால் எனக்கு அந்த வழி வந்த புத்தக எழுத்துதான்: கோட்டில் லேசான தடிப்பும் மெலிவும், திறந்த சுழி, அடங்கிய வால்.

ஓலைச்சுவடி எழுத்து இதற்கும் முந்தையது. எழுத்தாணி கீறும் கோட்டில் தடிப்பு மெலிவு கிடையாது. எல்லாம் ஒரே கனம். புள்ளியையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அந்தச் சாயலில் இன்று அலங்கார எழுத்துருக்கள் வருகின்றன. வரலாற்று நாவலின் அட்டைக்கும் கைத்தறிக் கடையின் பெயர்ப்பலகைக்கும் அவை பொருந்தும், அந்தச் சாயல் அங்கே எதையோ சொல்கிறது என்பதால். பல் மருத்துவமனையின் பலகைக்கு எதற்கு?

பழமை தோன்ற வேண்டும் என்றால் இன்னொரு வழி உண்டு. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவருவதற்கு முன் ‘ணை’, ‘லை’, ‘ளை’, ‘னை’ ஆகியவற்றை யானைத் தும்பிக்கை போன்ற கொம்போடு எழுதினோம். ‘ணா’, ‘றா’, ‘னா’ மூன்றுக்கும் தனி வடிவங்கள் இருந்தன. ஒருங்குறியில் (யூனிகோடில்) பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் குறியீடு ஒன்றுதான். எந்த வடிவம் தெரியும் என்பது எழுத்துருவின் கையில் இருக்கிறது. 1950களில் நடக்கும் கதைக்கு அட்டை செய்கிறீர்கள், தலைப்பில் ஒரு ‘லை’ வருகிறது என்றால் அதைப் பழைய வடிவத்தில் போட்டுப் பாருங்கள். வேறு எந்த அலங்காரமும் இல்லாமலே காலம் மாறிவிடும். உள்ளே 300 பக்கத்துக்கு அதைச் செய்யாதீர்கள். இன்றைய பிள்ளைகள் படிக்கத் திணறுவார்கள்.

எது அலங்காரம், எது சாதாரணம் என்பதே பழக்கத்தைப் பொறுத்ததுதான். ஜெர்மானியரின் கறுப்பெழுத்தை (பிளாக்லெட்டர்) நினைத்துக்கொள்ளுங்கள். 1450களில் குட்டன்பெர்க் பைபிளை அச்சிட்டது அந்த வகை எழுத்தில்தான். அதன் பிற்கால வடிவமான ஃப்ராக்டூரில் ஜெர்மானியர்கள் 20ஆம் நூற்றாண்டு வரை நாளிதழும் நாவலும் பாடப்புத்தகமும் படித்தார்கள். அவர்களுக்கு அது தினசரி எழுத்து. 1941 ஜனவரியில் நாஜிக் கட்சியின் சுற்றறிக்கை ஒன்று அதை யூத எழுத்து என்று பொய்யாக முத்திரை குத்தி ஒதுக்கிவைத்தது. இன்று நமக்கு அது நியூயார்க் டைம்ஸ் தலைப்பிலும் சான்றிதழ்களிலும் மட்டும் தெரியும் அலங்காரம். நாம் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: கறுப்பெழுத்தின் பெரிய எழுத்துகளை மட்டும் வைத்து ஒரு சொல்லை எழுதவே கூடாது. அவை சொல்லின் முதலெழுத்தாக நிற்கப் பிறந்தவை. வரிசையாக நிறுத்தினால் யாராலும் படிக்க முடியாது. வளைந்து வளைந்து ஓடும் கையெழுத்து வகை ஆங்கில எழுத்துருக்களுக்கும் இதே விதிதான். பத்திரிகைகளில் மணமக்களின் ஆங்கிலப் பெயர்களை அப்படி எழுதி வைப்பதை வாரம்தோறும் பார்க்கிறேன்.

நம்மூர் வடிவமைப்பில் ஆங்கிலமும் கலந்தே வருவதால் அதன் மரபு எழுத்துருக்களையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 16ஆம் நூற்றாண்டு பாரிஸில் கிளோது கராமோன் செதுக்கியவற்றின் வழியில் வந்தது ‘கராமண்ட்’. மென்மையானது, நீண்ட வாசிப்புக்கு இதமானது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் வில்லியம் காஸ்லன் செய்தது கொஞ்சம் முரட்டுத்தனம் உள்ளது, ஆனால் உறுதியானது. 1776இல் அச்சான அமெரிக்க விடுதலைப் பிரகடனம் காஸ்லன் எழுத்தில்தான் இருக்கிறது.

பர்மிங்காமின் ஜான் பாஸ்கர்வில் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவருடைய எழுத்துகள் முந்தையவற்றைவிட மெலிந்தவை, கூர்மையானவை. அன்றைய சொரசொரப்பான தாளில் அவை எடுபடா என்று அவருக்குத் தெரிந்தது. அதனால் அச்சு இயந்திரத்தைச் சீராக்கினார், மையை மாற்றினார், அச்சான தாளைச் சூடான தகடுகளுக்கிடையே அழுத்தி வழவழப்பாக்கினார். 1757இல் அவர் வெளியிட்ட வர்ஜில் கவிதை நூல் அப்படி வந்ததுதான். ஓர் எழுத்துருவுக்காகத் தாளையே மாற்றிய மனிதர் அவர். அவருக்குப் பின் பார்மாவில் போடோனியும் பாரிஸில் டிடோ குடும்பத்தாரும் அந்த மெலிவை எல்லைவரை கொண்டுபோனார்கள். போடோனி எழுத்தில் செங்குத்துக் கோடு கனமாக நிற்கும், கிடைக்கோடு முடி போல இழையும். வழவழப்பான ஆர்ட் தாளில், பெரிய அளவில், அதைப் போல கம்பீரம் வேறு எதிலும் வராது.

அதையே கல்யாணப் பத்திரிகையில் தங்க ஃபாயிலில் 9 பாயிண்டில் போட்டுப் பாருங்கள். முடி போன்ற கோடுகளில் ஃபாயில் சரியாக ஒட்டாது. அங்கங்கே அறுந்து, கனமான தூண்கள் மட்டும் மிஞ்சும். சொரசொரப்பான கைத்தாளில் ஸ்க்ரீன் பிரிண்டிங் என்றாலும் இதே கதி. ஃபாயிலுக்கு நான் எடுப்பது எல்லாக் கோடும் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருக்கும் எழுத்து: ஆங்கிலத்தில் ஃப்யூச்சுரா போன்றவை, தமிழில் நடுத்தரத் தடிமனில் கேட்டமரான் அல்லது ஹிந்த் மதுரை. மெல்லிய கோடு கட்டாயம் வேண்டுமென்றால் ஃபாயிலை விட்டு ஆஃப்செட்டுக்குப் போங்கள். ஃப்ளெக்ஸ் பேனர் விஷயம் வேறு: அங்கே மை பிரச்சினை இல்லை, தூரம்தான் பிரச்சினை. பைக்கில் போகிறவர் ஒரு நொடியில் படிக்க வேண்டிய பலகையில் எழுத்துக்கு வெளியே ஒரு கோடு, அதற்கு வெளியே இன்னொரு கோடு, பின்னால் நிழல் என்று அடுக்கினால் சுழிகள் மூச்சுவிட இடமில்லாமல் போகும்.

இனி, எங்கும் கண்ணில் படுகிற இரண்டு ஆங்கில எழுத்துருக்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்று அல்ஜீரியன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஸ்டீபன்சன் பிளேக் வார்ப்படச்சாலை வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு வந்ததால் நம்மூர் மளிகைக் கடை முதல் பள்ளி ஆண்டுவிழாச் சான்றிதழ் வரை எங்கும் அதுவே. இன்னொன்று ட்ரேஜன். ரோமில் 113இல் எழுப்பிய ட்ரேஜன் தூணின் அடிக்கல்வெட்டைப் பார்த்து, கேரல் ட்வாம்ப்லி 1989இல் அடோபிக்காகச் செய்தது. சினிமா போஸ்டர்களில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் பெரிய எழுத்துகள் மட்டும்தான். ட்ரேஜன் மிக நல்ல எழுத்துரு. கல்லில் வெட்டிய எழுத்தின் நிதானம் அதில் இருக்கிறது. நாலு சொல்லுக்குப் போடலாம், நாலு வரிக்குப் போடக் கூடாது. அல்ஜீரியனை இனி கொஞ்ச காலம் ஓய்வெடுக்க விடலாம் என்பது என் கட்சி. எல்லாக் கடைக்கும் ஒரே முகம் என்றால் எந்தக் கடைக்கும் முகம் இல்லை.

வெளிநாட்டுத் தமிழர் உணவகங்களின் பலகைகளில் இன்னொன்றைப் பார்க்கிறேன், மனசுக்கு வலிக்கிறது. ஆங்கில எழுத்துகளின் தலையில் தேவநாகரிபோல ஒரு கோடு இழுத்த சமர்க்கன் மாதிரி எழுத்துருக்களில் தோசைக்கடையின் பெயரை எழுதி வைக்கிறார்கள். இந்தியச் சாயல் வேண்டும் என்ற ஆசை புரிகிறது. தமிழ் எழுத்துக்குத் தலைக்கோடு கிடையாதே! நம் எழுத்தின் சாயல் சுழியிலும் வளைவிலும் இருக்கிறது. பெயரை ஆங்கிலத்தில் சாதாரண எழுத்தில் எழுதி, பக்கத்தில் நல்ல தமிழ் எழுத்தில் இன்னொரு முறை எழுதினால் போதும். எந்த ஊர்க் கடை என்று அந்தத் தமிழே சொல்லிவிடும்.

தமிழுக்கு இன்று கையில் என்ன இருக்கிறது? பத்திருபது வருடத்துக்கு முன் விண்டோஸில் லதா, ஆப்பிளில் முத்து நெடுமாறனின் இணைமதி, அதற்கு மேல் ஒருங்குறிக்கு முந்தைய பழைய குறியீட்டு எழுத்துருக்கள் என்றுதான் நிலைமை. இப்போது கூகுள் எழுத்துரு நூலகத்திலேயே கணிசமாக இருக்கிறது, எல்லாம் திறந்த உரிமத்தில். புத்தக உரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ், டைரோ தமிழ் இரண்டையும் முதலில் பாருங்கள். மரபின் சாயல் வேண்டுவோருக்கு டைரோ. திரைக்கும் அறிக்கைக்கும் முக்த மலர். பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரானில் மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை 9 தடிமன்கள் உண்டு. தமிழும் ஆங்கிலமும் சேர்த்தே செய்தது என்பதால் இருமொழி அழைப்பிதழில் அளவு பொருத்தும் தலைவலி இல்லை. அலங்காரப் பக்கத்தில் உருண்டு திரண்ட பலூ தம்பி குழந்தைகள் புத்தகத்துக்கும் தின்பண்ட உறைக்கும் அருமை. இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த கவிவாணர் சாய்ந்த கையெழுத்துச் சாயல். கவிதைத் தொகுப்பின் தலைப்புக்கு நன்றாக உட்காரும். அரிமா மதுரையின் மெல்லிய தடிமன்கள் நகைக்கடைப் பைக்கும் வாழ்த்து அட்டைக்கும் நளினமாக இருக்கும். ‘கண்ணன்’ சோதனையைப் பெரிய அளவில்தான் அது தாண்டும், எனவே தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எவ்வளவு அலங்காரம் போதும் என்றால், ஒரு பத்திரிகையில் அது வரக்கூடிய இடம் தலைப்பும் மணமக்கள் பெயரும்தான். முகூர்த்த நேரம், மண்டபத்தின் முகவரி, போன் நம்பர் மூன்றும் தெளிவாகப் படிக்கக் கிடைக்க வேண்டும். எழுபது வயதுப் பெரியப்பா கண்ணாடியைத் தேடாமல் படிக்கிற அளவு வேண்டும்; 10 பாயிண்டுக்குக் கீழே நான் இறங்குவதில்லை. மேலே ‘கீ’யின் கொக்கியும் கீழே ‘ழு’வின் வாலும் முட்டிக்கொள்ளாமல் இருக்க 12 பாயிண்ட் எழுத்துக்கு 18 பாயிண்ட் வரி இடைவெளி கொடுப்பேன். ஆங்கிலத்துக்குப் பழகிய கண்ணுக்கு அது அதிகமாகத் தெரியும். தமிழுக்கு அது தேவை.

எழுத்துருவைச் சரியாக எடுத்துவிட்டு மென்பொருளில் அதைக் கெடுப்பதும் நடக்கிறது. டைரோ தமிழ் போல ஒரே தடிமன் உள்ள எழுத்துருவைப் ‘போல்டு’ ஆக்கினால், மென்பொருள் கோட்டைச் சுற்றி இன்னொரு கோடு பூசிப் போலித் தடிமன் கொடுக்கும். முதலில் அடைபடுவது நம் ‘ண’தான். இடம் நிரம்பவில்லை என்று எழுத்தை அகலமாக இழுத்தால் நிற்கும் கோடு தடிக்கும், படுக்கும் கோடு அப்படியே இருக்கும், எழுத்து நசுங்கிப் போகும். அகலமான எழுத்து வேண்டுமென்றால் அனெக் தமிழை எடுங்கள். குறுகலிலிருந்து விரிந்தது வரை அகலத்தை மாற்றும் வசதியோடு வரைந்தது அது. எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுப் பரப்பும் ஆங்கிலப் பாணியைத் தமிழில் செய்யும்போதும் நிதானம் வேண்டும். ‘கொ’ என்பதில் கொம்பு, ‘க’, கால் மூன்றும் தனித்தனித் துண்டுகள். கூடுதலாகப் பரப்பினால் மூன்றும் மூன்று எழுத்தாகிவிடும். அடோபி இன்டிசைனில் தமிழ் உடைந்து வந்தால் எழுத்துருவைத் திட்டாதீர்கள். பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

1990களில் வந்த பழைய குறியீட்டு எழுத்துருக்களில் சில அருமையான அலங்காரங்கள் இருக்கின்றன, ஒருங்குறியில் அவற்றுக்கு இணை இன்னும் வரவில்லை. தலைப்புக்கு மட்டும் அவற்றை எடுத்து, வரைகோடாக மாற்றி வைத்துக்கொள்வதில் தவறில்லை. முழு விஷயத்தையும் அவற்றில் அடித்தால், பிடிஎஃப்பிலிருந்து முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும் உறவினருக்குப் புரியாத குறிகள்தான் போய்ச் சேரும். உரிமத்தையும் படியுங்கள். ‘இலவசம்’ என்று இறக்கிக்கொண்ட பலவற்றில் ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்ற வரி இருக்கும். உங்கள் தங்கை கல்யாணத்துக்குப் போடலாம், கடை விளம்பரத்துக்குப் போட முடியாது.

சில வேலைகளுக்கு எந்த எழுத்துருவும் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றே சொல்லில் ஒரு நாவலின் தலைப்பு என்றால், ஓர் ஓவியரிடம் கையால் எழுதித் தரச் சொல்லுங்கள். கே.எம். ஆதிமூலம் தமிழ்ச் சிறுபத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுதிய தலைப்புகளைப் பாருங்கள். அந்த எழுத்து அந்தப் புத்தகத்துக்கு மட்டுமே உரியது. பக்கத்து எழுத்துக்கு இடம் விட்டு ஒரு வால் வளைவதும் இன்னொரு கொம்பு ஒதுங்குவதும் எந்த எழுத்துருவும் தானாகச் செய்யாதவை. இதற்கு ஆகும் செலவு, அட்டைக்கு வாங்கும் ஒரு புகைப்படத்தின் விலையைவிடப் பெரும்பாலும் அதிகமிருக்காது.

கடைசியாகப் பதிப்பாளர்களிடமும் வடிவமைப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆங்கிலப் பதிப்பகங்கள் சில, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அது எந்த எழுத்துருவில் அச்சானது, அதைச் செய்தவர் யார் என்று ஒரு குறிப்புப் போடுகின்றன. நம் நூல் விவரப் பக்கத்தில் அட்டை ஓவியர் பெயர் இருக்கிறது, அச்சகத்தின் பெயர் இருக்கிறது, தாளின் எடைகூட இருக்கிறது. 247 எழுத்தையும் உட்கார்ந்து வரைந்தவர் பெயர் மட்டும் இல்லை. உங்கள் அடுத்த புத்தகத்தில் ‘எழுத்துரு’ என்று ஒரு வரி சேர்த்து, அந்தப் பெயரையும் போடுங்கள்.